ஒரே கடை, ஐந்து பெயர்: கரிசல் வட்டாரத்தின் இணையப் பட்டியல்கள்

கோவில்பட்டி ரயில் நிலையத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் குறியீடு சி.வி.பி. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் இன்று கே போட்டு எழுதுகிறோம். குறியீடோ சி-யில் தொடங்குகிறது. இதனால் டிக்கெட் எடுப்பவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. குறியீட்டை ரயில்வே ஒரே இடத்தில் முடிவு செய்கிறது, நாடு முழுக்க அதையே எழுதுகிறது. கடைக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எட்டயபுரத்தில் ஒரு கடை, கோவில்பட்டியில் ஒரு கிளை, நாற்கரச் சாலை ஓரமாய் இன்னொன்று என்று நடத்தும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கடையின் பெயரைக் கூகுள் மேப்பில் மகன் எழுதுகிறார், ஜஸ்ட்டயலில் அந்த நிறுவனத்தின் ஆள் எழுதுகிறார், ஜி.எஸ்.டி. விண்ணப்பத்தில் ஆடிட்டர் எழுதுகிறார், உணவு உரிமத்தில் கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் எழுதுகிறார். போர்டில் எழுதிய பெயிண்டரை யாரும் கலந்துகொள்வதில்லை.

பல கிளைகள் கொண்ட கடையின் பெயர் எல்லாப் பட்டியல்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இணைய விளம்பரத் தொழிலில் பழைய பாடம். பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் இரண்டு பதிவுகள் ஒரே கடையைப் பற்றியவையா என்று கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் ஒரே கடைக்கு வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் முளைக்கும். ஒன்றில் நாற்பது மதிப்புரை, இன்னொன்றில் ஆறு என்று சிதறும். பழைய புள்ளியில் பழைய தொலைபேசி எண் கிடக்கும். அதைப் பார்த்து அழைத்தவர் யாரும் எடுக்கவில்லை என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துவதும் உண்டு. ஓரிடத்தில் 'மெயின் ரோடு' என்றும் இன்னோரிடத்தில் 'பிரதான சாலை' என்றும் இருந்தால் கடை தேடலில் காணாமல் போய்விடும் என்று பயமுறுத்தி, மாதக் கட்டணத்துக்குப் பட்டியல் திருத்தும் சேவையை விற்கிறார்கள். உள்ளூர்த் தேடலில் எதை மேலே காட்டுவது என்பதற்குக் கூகுள் வெளிப்படையாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு பிரபலம். சாலைக்கும் ரோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அது எப்போதோ சமாளிக்கக் கற்றுவிட்டது. தப்பான போன் நம்பர், தப்பான இடத்தில் குத்திய புள்ளி, ஒரே கடைக்கு இரண்டு பதிவு, ஆளுக்கொரு விதமாக எழுதிய பெயர் ஆகியவைதான் வியாபாரத்தைக் கெடுக்கும். அவற்றில் முதல் மூன்றும் கவனக்குறைவு. ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். நான்காவது அப்படியல்ல. கரிசல் வட்டாரத்துக் கடைப்பெயர்கள் மாறி மாறி வருவதற்கு அலட்சியத்தைவிட ஆழமான காரணங்கள் இருக்கின்றன.

முதற்காரணம், ஒரு கடைக்குச் சட்டமே பல பெயர்களைக் கொடுத்துவிடுகிறது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் வரவேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழிகளுக்கு 5:3:2 என்று இட அளவு சொல்லப்படுகிறது. ஆக, சட்டப்படி கடையின் முதற்பெயர் தமிழில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவில் சட்டப் பெயர், வணிகப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். சட்டப் பெயர் பான் அட்டையில் உள்ளபடி வரும் என்பதால் தனியுரிமைக் கடைக்கு அது முதலாளியின் சொந்தப் பெயராகவே இருக்கும். கடைப்பெயர் இரண்டாவது கட்டத்தில் ஆங்கிலத்தில் ஏறும். ஒரே மாநிலத்துக்குள் இருக்கும் கிளைகளை அதே பதிவில் கூடுதல் வணிக இடங்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்பு உரிமம் அப்படியல்ல. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி 14 இலக்க எண் வாங்க வேண்டும். மூன்று கிளைக்கு மூன்று விண்ணப்பம், மூன்று வெவ்வேறு நாளில், பெரும்பாலும் மூன்று வெவ்வேறு கையால் நிரப்பப்பட்டவை. வாடிக்கையாளர் இவற்றைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவர் கண்ணில் படுவது கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்ததும் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் திரையில் வரும். "அண்ணாச்சி, பேரு வேற காட்டுதே?" "அது நம்ம வீட்டுப் பேருதான், போடுங்க." இந்தப் பேச்சு நடக்காத கடைத்தெரு தெற்கே இல்லை.

இரண்டாவது காரணம் எண் கணிதம். தமிழில் பெயர் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது கூட்டுத்தொகை சரிவரவில்லை என்று ஓர் ஏ, ஓர் எச் சேர்ப்பார்கள். தந்தையின் கடை பழைய எழுத்துக்கூட்டிலேயே ஓடும். இளைய மகன் திறக்கும் கிளைக்கு மட்டும் புது எழுத்து. போர்டின் தமிழ்ப் பகுதியைப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்று. ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாக ஒப்பிடும் கணினிக்கு இரண்டும் வேறு. ஸ்ரீ என்ற ஒரே சொல்லை எஸ்.ஆர்.ஐ. என்றும், நடுவில் எச் சேர்த்தும், கடைசியில் இரண்டு ஈ போட்டும் எழுதுகிறோம். லட்சுமிக்கு எக்ஸ் போடுபவரும் உண்டு, கே.எஸ்.எச். போடுபவரும் உண்டு. எட்டயபுரத்தில் கடைக்குப் பாரதி பெயர் வைப்பது இயல்பு. அந்தப் பெயரிலும் எச் எங்கே வரும், எத்தனை வரும் என்பதில் ஒற்றுமை கிடையாது.

மூன்றாவது, பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி பிரியும்போது கட்டடத்தைப் பிரிக்கலாம், சரக்கைப் பிரிக்கலாம். பெயரைப் பிரிக்க முடியாது. ஆளுக்கொரு முன்னொட்டோ பின்னொட்டோ சேர்த்துக்கொண்டு இருவரும் அதே பெயரில் தொடர்வார்கள். இதன் பெரிய வடிவம் சரவணா ஸ்டோர்ஸ். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து சென்னை தியாகராய நகருக்குப் போன குடும்பத்தின் அந்தப் பெயரில் இன்று சூப்பர், செல்வரத்தினம், லெஜண்ட் என்று அடைமொழிகளோடு தனித்தனி நிறுவனங்கள். மக்கள் வாயில் எல்லாமே 'சரவணா'தான். கூகுளுக்குத் தகவல் தருபவர்களும் மக்கள்தான். யார் வேண்டுமானாலும் ஒரு கடையின் பெயரைத் திருத்தப் பரிந்துரை அனுப்பலாம் என்பதால், அடைமொழியைக் கழற்றிவிட்டு எழுதும் பழக்கம் பட்டியலுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

கடைப்பெயர் இப்படி என்றால், அது நிற்கும் மண்ணின் பெயரும் நிலையாக இல்லை. எட்டயபுரத்தின் ஆங்கில எழுத்தில் நடுவே ஏ மட்டும் போடுவதா, ஏ-யும் ஐ-யும் போடுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. இந்தப் பகுதி 1986 வரை திருநெல்வேலி மாவட்டம். பிறகு வ.உ.சிதம்பரனார் மாவட்டம் ஆனது. மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை நீக்கிய 1997க்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டம். ஆங்கிலத்தில் டூட்டிகோரின் என்ற பழைய வடிவம் இன்னும் பல படிவங்களின் கீழிறங்கும் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எழுந்த விமர்சனத்தில் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்த ஆணை நீடித்திருந்தால் அந்த ஊர்களின் கடை முகவரிகள் அனைத்தும் ஒரே இரவில் பழசாகியிருக்கும். சாலைகளுக்கும் இதே கதைதான். கோவில்பட்டியைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலை எண் 7 இப்போது 44. எட்டயபுரம் வழியே மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போகும் 45பி இப்போது 38. முகவரியில் நெடுஞ்சாலை எண்ணை எழுதிய ஹோட்டல்களில் பாதி பழைய எண்ணிலும் பாதி புது எண்ணிலும் நிற்கின்றன.

ஊர்ப்பெயர்க் குழப்பத்துக்கு இந்தப் பக்கத்திலேயே நல்ல சான்று ஒன்று உண்டு. எட்டயபுரத்தை அடுத்து நெடுஞ்சாலையில் இருக்கும் கீழ ஈரால், சேவுக்குப் பேர் போனது. அதே மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஏரல். தமிழில் ஈரால் வேறு, ஏரல் வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே நான்கு எழுத்து. 'கீழ' என்பதை விட்டுவிட்டுச் சேவுக்கடையின் முகவரியைப் பதிந்தால் வாடிக்கையாளர் மாவட்டத்தின் மறுகோடிக்குப் போய் நிற்பார். இதற்கு மருந்து 1972இலேயே கண்டுபிடிக்கப்பட்டது: அஞ்சல் குறியீட்டு எண். எட்டயபுரம் 628902, கோவில்பட்டி 628501. ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் இந்த ஆறு இலக்கம் இடத்தைக் காட்டிவிடும். இணையப் பட்டியல்களில் பலர் அசட்டையாக நிரப்பும் கட்டமும் இதுதான் என்பது வேடிக்கை.

இதற்குமேல் ஒரு சிக்கலை எந்திரம் சேர்த்தது. 2021 ஜனவரியில் கூகுள், ஆங்கிலத்தில் பதியப்பட்ட இடப்பெயர்களைத் தமிழ் உட்படப் பத்து இந்திய மொழிகளுக்குத் தானாகவே எழுத்துப்பெயர்ப்பு செய்து மேப்பில் காட்டத் தொடங்கியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: போர்டில் தமிழில் இருக்கும் பெயரைக் கடைக்காரர் ஆங்கிலத்தில் தட்டுகிறார், எந்திரம் அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்குகிறது. போய்வரும் வழியில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடக்கூடும்; ந, ன, ண மூன்றும் அப்படியே. வள்ளி ஸ்டோர்ஸ் வல்லி ஸ்டோர்ஸாகத் திரும்பி வரலாம். ஆங்கிலப் பதிவு எல்லாக் கிளைக்கும் ஒரே சீராக இருந்தால் பிழையாவது ஒரே சீரான பிழையாக இருக்கும். ஒரு கிளைக்கு ஒற்றை எல், இன்னொன்றுக்கு இரட்டை எல் போட்டிருந்தால், ஒரே குடும்பத்தின் இரண்டு கடைகள் தமிழில் இரண்டு பெயர்களாகக் காட்சியளிக்கும்.

கூகுளின் விதி என்ன சொல்கிறது? கடையின் பெயர் நிஜ உலகில், அதாவது போர்டிலும் பில்லிலும் வாடிக்கையாளர் வாயிலும், எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். விளம்பர வாசகம், போன் நம்பர், கிளை எண், விற்கும் பொருள், ஊர்ப்பெயர் ஆகியவற்றைப் பெயரோடு ஒட்டக்கூடாது. பல கிளைகள் இருந்தால், போர்டுகளே கிளைக்குக் கிளை வேறாக இருந்தாலொழிய, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். விதியை விதித்த நிறுவனம் இந்தச் சேவையின் பெயரை 2014இல் கூகுள் மை பிசினஸ் என்று மாற்றி, 2021இல் மறுபடியும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று மாற்றியது வேறு விஷயம்.

ஊர்ப்பெயர் ஒட்டக்கூடாது என்ற பகுதி தமிழ்நாட்டில் வந்து திணறுகிறது. நம் உணவுக்கடைப் பெயர்களில் பல ஊர்ப்பெயரில்தான் தொடங்குகின்றன. அடையார் ஆனந்த பவன் கிளை எந்த ஊரில் இருந்தாலும் அதன் பெயரில் அடையாறு இருக்கும். அது பெயரின் உடம்பு. அதன் பின்னால் 'கோவில்பட்டி' என்று சேர்த்தால் அது ஒட்டு. அந்த நிறுவனம் ஏ2பி என்ற சுருக்கத்தையும் பல கிளைகளில் முன்னிறுத்துவதால் எது பெயர், எது செல்லப்பெயர் என்ற கேள்வியும் கூட வருகிறது. திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கியது ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் தலையில் கட்டியிருந்த தலப்பாவை வைத்து ஜனங்கள் வைத்த பெயர் தலப்பாக்கட்டி. ஜனங்கள் வைத்த பெயர் போர்டுக்கு ஏறியது, ஊர்ப்பெயர் அதன் முன்னால் சேர்ந்தது, ஓரிரு எழுத்து மாற்றி வைத்துக்கொண்ட மற்றவர்களோடு வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. எந்தப் பெயர் நிஜ உலகின் பெயர் என்பதை அங்கே நீதிபதிகள்தான் ஆராய வேண்டியிருந்தது.

இந்த வட்டாரத்தின் உண்மையான சோதனை கடலை மிட்டாயில் இருக்கிறது. கரிசல் காட்டு நிலக்கடலை, வெல்லப்பாகு, தாமிரபரணித் தண்ணீர் என்று பக்குவத்துக்குக் காரணம் சொல்வார்கள். 1940களில் பொன்னம்பல நாடார் தம் கடையில் கருப்பட்டிப் பாகில் தொடங்கியது என்பது ஊர் சொல்லும் வரலாறு. 2020 ஏப்ரலில் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேட்டுப் பெற்றது தனி முதலாளி அல்ல, உற்பத்தியாளர்களின் சங்கம். 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி இந்த உரிமையை யாரும் யாருக்கும் விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது; வட்டாரத்தின் உற்பத்தியாளர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களாகப் பதிந்துகொண்டு பயன்படுத்தலாம். அதாவது 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' பலருக்கும் பொதுவான பண்டப் பெயர். எந்தக் கடைக்கும் சொந்தமான கடைப்பெயர் அல்ல.

இணையத்தில் நடப்பது தலைகீழ். கடைப்பெயர் கேட்கும் கட்டத்தில் பலர் பண்டத்தின் பெயரையே நிரப்புகிறார்கள். சிலர் தங்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள், சிலர் தங்கள் பெயரை விட்டுவிட்டு அதை மட்டுமே எழுதுகிறார்கள். தேடுபவர் தட்டும் சொல் பெயரிலேயே இருந்தால் பட்டியலில் மேலே வரலாம் என்பது தொழிலில் இருப்பவர்கள் அனுபவத்தில் கண்டது. விதிக்கு விரோதம் என்றாலும் பெரும்பாலும் யாராவது புகார் செய்தால்தான் பெயர் வெட்டப்படும். எனவே நேர்மையாகத் தன் பெயரை மட்டும் எழுதியவர் கீழே போகிறார் என்ற குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த லாபம் எவ்வளவு தூரம் செல்லும்? வரிசையாகப் பத்துக் கடைகள் ஒரே பெயரைத் தாங்கி நிற்கும்போது, போன தடவை வாங்கிய கடை எது என்று சென்னையிலிருந்து தேடுபவருக்கு எப்படித் தெரியும்? பண்டத்தின் பெயரைத் தன் பெயராக வைத்தவர் புது வாடிக்கையாளரைப் பிடிக்கிறார், பழைய வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடைக்குத் தாரை வார்க்கிறார். பண்டத்தைச் சொல்லத்தான் வகை என்ற கட்டமும், விளக்கக் குறிப்பும், படங்களும் இருக்கின்றன. புவிசார் குறியீட்டுக்கும் இடம் அங்கேதான்.

இதை இந்த வட்டாரத்துக்கு வெளியார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசியின் தீப்பெட்டித் தொழில் முழுக்க லேபிளின் மேல் எழுந்தது. உள்ளே இருக்கும் குச்சி ஏறக்குறைய ஒன்றுதான். மேலே ஒட்டிய படம்தான் வியாபாரம். அதனால் லேபிளின் நிறம், படம், எழுத்து எதையும் வண்டிக்கு வண்டி மாற்ற மாட்டார்கள். 34ஆம் வகுப்பில் வணிகச் சின்னமாகப் பதிந்து, போலி வந்தால் வழக்கு போடுவார்கள். பெட்டியின் மேல் 'தீப்பெட்டி' என்று மட்டும் அச்சடித்து எவரும் வடநாட்டுக்கு அனுப்பியதில்லை. கடலை மிட்டாயும் லேபிளும் ஒரே ஊர்ச் சரக்கு, சில வீடுகளில் ஒரே குடும்பத்துச் சரக்குங்கூட. அப்படியிருந்தும் மேப் என்று வந்ததும் அந்த அறிவு கைகொடுப்பதில்லை.

எல்லாப் பொதுப் பெயரையும் பிழை என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு முனியாண்டி விலாஸ் சாட்சி. மதுரை மாவட்டம் வடக்கம்பட்டி முனியாண்டி சாமி பெயரில் வெகுதூரம் தாண்டியும் ஹோட்டல்கள் உண்டு. தலைமை அலுவலகம் கிடையாது, உரிமக் கட்டணம் கிடையாது. தனித்தனி முதலாளிகள், வருடத்துக்கு ஒரு முறை ஊர்த் திருவிழாவில் கூடுவார்கள். இங்கே பெயர் ஒன்றாக இருப்பது ஒரே நிறுவனம் என்பதற்கு அடையாளமல்ல, ஒரே சாமி என்பதற்கு அடையாளம். கணினிக்கு இது பிடிபடாது. ஒரே பெயர், பல முகவரி என்று பார்த்ததும் சங்கிலிக் கடை என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். இத்தகைய கடைகளுக்குப் பெயரைச் சீராக்கும் அறிவுரை பயன்படாது. தனி போன் நம்பர், துல்லியமான புள்ளி, கடை வாசலின் தெளிவான படம் ஆகிய மூன்றும்தான் காக்கும். போர்டில் முதலாளியின் இனிஷியல் இருந்தால் பட்டியலிலும் அதை விடாமல் எழுத வேண்டும்.

ஆக, மூன்று கிளைக் குடும்பம் எங்கிருந்து தொடங்குவது? என் கணிப்பில் போர்டிலிருந்து. மூன்று போர்டிலும் தமிழும் ஆங்கிலமும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பெயரில் சந்தேகம் வந்தால் கூகுள் கேட்பது கடை வாசலின் படத்தையோ வீடியோவையோதான்; போர்டு சரியில்லாமல் பட்டியலைச் சரிசெய்வது நிற்காது. எண் கணிதம் பார்ப்பவர்கள் தாராளமாகப் பார்க்கட்டும், மூன்று கிளைக்கும் சேர்த்து ஒரே தடவை பார்க்கட்டும். அடுத்தது கூகுள், அடுத்தது ஜஸ்ட்டயல், உணவு விநியோக ஆப்பில் இருந்தால் அது, கடைசியாக ஜி.எஸ்.டி.யின் வணிகப் பெயர். பத்தோ அதற்கு மேலோ கிளை உள்ளவர்களுக்குத்தான் மொத்தமாகச் சரிபார்க்கும் வசதி கூகுளில் கிடைக்கும். மூன்று கிளைக்காரர் ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். கிளையை அடையாளம் காணத் தனியாகக் கடைக் குறியீட்டுக் கட்டம் ஒன்று உள்ளது. 'கிளை 2' என்பதை அங்கே எழுதினால் பெயர் சுத்தமாக இருக்கும், நிர்வாகமும் குழம்பாது. ஒரே எண்ணை மூன்று கிளைக்கும் கொடுக்காமல் கிளைக்கொரு எண் கொடுப்பது நல்லது. கடை இடம் மாறினால் புதுப் பதிவு போடக் கூடாது. பழைய பதிவின் முகவரியை மாற்றினால் சேர்ந்த மதிப்புரைகள் கூடவே வரும்.

இதையெல்லாம் செய்ய முடியாமல் நிற்கும் கடைகள் பெரும்பாலும் நிற்பது ஒரே இடத்தில்: லாகின் யாரிடம் இருக்கிறது என்று தெரியாது. முன்பு வேலை பார்த்த பையனின் ஜிமெயிலில் தொடங்கியிருப்பார்கள், அல்லது பட்டியல் போட்டுத் தருகிறேன் என்று வந்த ஏஜெண்டின் கணக்கில். பதிவைத் திறந்து உரிமை கோரினால் தற்போதைய கணக்குக்கு அறிவிப்பு போகும். சில நாட்களில் பதில் வராவிட்டால் கடைக்காரரே சரிபார்த்து எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. பாகப்பிரிவினை நடந்த வீடுகளில் இது இன்னும் கடினம், ஏனென்றால் பதில் வரும், மறுத்து வரும். பத்திரத்தில் அடுப்பும் கொப்பரையும் தராசும் யாருக்கு என்று எழுதும் பங்காளிகள், எட்டு வருட மதிப்புரைகளைத் தாங்கிய அந்தப் பதிவு எந்தக் கிளைக்கு என்பதை இதுவரை எழுதுவதில்லை. பத்திரம் எழுதுபவர் கேட்டால் ஒரு வரிதான் கூடும்.